வன்னியில் சம்பளக் கணக்கு எழுதப் பழகுவோருக்கு: முதல் நாள் கோவையிலிருந்து பணிக்கொடை வரை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் அரிசி ஆலை, ஹாட்வெயார் கடை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், ஆடைத் தொழிற்சாலை என்று எங்கே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாலும், முதல் மாத முடிவிலேயே ஒருவருடைய மேசைக்கு வந்து சேரும் பொறுப்பு சம்பளப் பட்டியல்தான். உயர்தரத்தில் கணக்கீடு படித்துத் தேறியவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் சம்பளம் என்பது வருமானக் கூற்றில் ஒரு வரி. வேலைத்தளத்தில் அது முப்பது பேருடைய முப்பது வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சட்டம், ஒரு படிவம், ஒரு கடைசித் திகதி. அந்த முப்பது வரிகளையும் ஒருவர் தனியாக நின்று சரியாக எழுதி முடிப்பதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை, நான் பழகிய ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று: வருமான வரியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். பயில வருகிறவர்கள் பெரும்பாலும் வரி அட்டவணையைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால், மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் உழைப்பவருக்குத்தான் இன்று சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் ஆலைகளிலும் அப்படிப்பட்டவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், பல இடங்களில் ஒருவரும் இருக்கமாட்டார். ஊழியரும் முதலாளியும் மாதம்தோறும் முதுமைக்கெனக் கட்டும் ஊழியர் சேமலாப நிதியோ பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உரியது, நேற்றுச் சேர்ந்தவருக்கும் உரியது. அதில் வரும் பிழைதான் இருபது வருடங்களுக்குப் பின் ஒருவருடைய முதுமையில் போய் விழுகிறது.

பட்டியலுக்கு முன் கோவை

சம்பளப் பட்டியலின் முதல் வேலை கூட்டலும் கழித்தலும் அல்ல, பெயரும் இலக்கமும்தான். ஒருவர் வேலைக்குச் சேரும் நாளிலேயே அவருக்கென ஒரு கோவை திறந்து, தேசிய அடையாள அட்டையின் பிரதி, வேலைக்குச் சேர்ந்த திகதி, ஒப்புக்கொண்ட சம்பளம் அதன் பிரிவுகளோடு, முன்பு வேறு இடத்தில் சேமலாப நிதி இருந்திருந்தால் அந்த இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றை அதில் வைக்க வேண்டும். முதல் ஊழியரைச் சேர்க்கும்போதே தொழில்தருநர், அதாவது முதலாளி, தொழில் திணைக்களத்தில் டி படிவம் கொடுத்துப் பதிவு செய்து தொழில்தருநர் இலக்கம் பெற வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் ஓர் அங்கத்தவர் இலக்கம் ஒதுக்கப்பட்டு, அதற்குரிய படிவத்தில் அவருடைய கையொப்பமும் பின்னுரித்தாளியின், அதாவது அவருக்குப் பின் பணத்தைப் பெற வேண்டியவரின், பெயரும் இடம்பெற வேண்டும். இத்தனை பேர் இருந்தால்தான் பதிவு என்ற எல்லை சேமலாப நிதிக்குக் கிடையாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் பதிவு உண்டு.

எங்கள் ஊரில் பெயர் எழுதும் முறை தனியான கவனத்தைக் கேட்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோதான் முன்னால் நிற்கிறது. திருமணமான பெண்ணுக்கு அந்த முதலெழுத்து கணவருடையதாக மாறிவிடும், ஆனால் பழைய இடத்துச் சேமலாப நிதிக் கணக்கு தந்தையின் முதலெழுத்திலேயே கிடக்கும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிய ஆவணங்கள் ஒருவரிடமே இருக்கும். ஆகவே, ஊழியர் வாயால் சொல்லும் பெயரையோ சிபாரிசுக் கடிதத்தில் உள்ள பெயரையோ எழுதாமல், அடையாள அட்டையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்களும் இருக்கும் என்பதால், ஒருவரிடம் எந்த அட்டை இருக்கிறதோ அதிலிருந்து நேரே பார்த்து எழுத வேண்டும், மனக்கணக்காக மாற்றி எழுதக்கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கு வேலையில் எனக்கு முதல் வருடம். ஓர் ஊழியரின் அடையாள அட்டை இலக்கத்தில் 6 இருந்த இடத்தில் 8 என்று எழுதி, அதைப் பார்த்தே அடுத்தடுத்த மாதங்களையும் பிரதி செய்து, பதினொரு மாதம் அனுப்பிவிட்டேன். பணம் குறையவில்லை, திகதி தவறவில்லை, ஆனால் அந்தப் பதினொரு மாதமும் அவருடைய பெயரில் ஏறவில்லை. திருத்துவதற்கு அவர் தன் வேலையை விட்டு மூன்று தடவை அலைய வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஓர் அக்கா தன்னுடைய பழைய சேமலாப நிதியைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரை போனபோது வீட்டு உறுதியும் பிள்ளைகளின் படங்களும் போய்விட்டன என்றும், கையில் மிஞ்சியது இதுதான் என்றும் சொல்லி, நான்காக மடித்த ஒரு சம்பளத் துண்டை நெகிழிப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பு விழுந்த இடங்களில் மை அழிந்திருந்தது. அங்கத்தவர் இலக்கம் மட்டும் மடிப்பில் படாமல் தப்பியிருந்தது. அந்த இலக்கத்தைக் கொண்டுதான் தேடலைத் தொடங்க முடிந்தது. அன்றிலிருந்து நான் எழுதிக் கொடுக்கும் எந்தச் சம்பளத் துண்டிலும் அங்கத்தவர் இலக்கத்தைத் துண்டின் நடுவில் மடிப்பு விழும் இடத்தில் அச்சிடுவதில்லை, மேல் மூலையில் பெரிதாக அச்சிடுகிறேன்.

எந்தச் சட்டத்தின் கீழ் உங்கள் இடம் வருகிறது

ஒரே மாதச் சம்பளத்துக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இரண்டு இடங்களில் இரண்டு தொகையாக வருவது ஏன் என்று புதியவர்கள் குழம்புவார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்துகிறது; அதன்படி மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒரு மணித்தியாலத்துக்கான சம்பளத்தைப் பெற வேண்டும். நெல் குற்றுதல் போன்ற தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அந்தந்தத் தொழிலுக்குரிய வேதனத்தைத் தீர்மானிக்கும் வேதனச் சபைகள் உண்டு. அவற்றின் கீழ் வரும் மாதச் சம்பளக்காரருக்கு வகுக்கும் எண் பொதுவாக 200. ஓர் அரிசி ஆலையின் முன்பக்கத்தில் விற்பனைக் கடையும் இருந்தால், ஒரே வளவுக்குள் இரண்டு சட்டமும் பொருந்தலாம். யார் எந்தப் பக்கம் வேலை செய்கிறார் என்பதைக் கோவையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டு, கிடைத்த பதிலையும் திகதியோடு கோவையில் போடுங்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் தேசிய குறைந்தபட்ச வேதனத்துக்குக் கீழே போக முடியாது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபா என்று தொடங்கியது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்ந்திருக்கிறது. நாட்கூலி என்றால் 2026 ஜனவரி முதல் 1,200 ரூபா. புதிய வருடத்தின் முதல் பட்டியலைத் தொடும்போது எல்லோருடைய அடிப்படைச் சம்பளத்தையும் இந்த எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நாளும் மணியும்

வரவுப் பதிவேடு சரியாக இல்லாத இடத்தில் சம்பளக் கணக்கு ஒருபோதும் சரியாக வராது. கடை, அலுவலகச் சட்டத்தின்படி ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலமும் ஒரு வாரத்துக்கு 45 மணித்தியாலமும் வழமையான வேலை நேரம். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், அதுவும் வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. பௌர்ணமி தினத்தில் வேலை செய்தவருக்கு அந்த நாளுக்கு ஒன்றரை நாள் சம்பளம். வருடாந்த விடுமுறை பதினான்கு நாளும் அமைய விடுமுறை ஏழு நாளும் சம்பளத்தோடு கூடியவை என்பதால், ஒருவர் வராத நாளைச் சம்பளமற்ற நாள் என்று குறிக்கும் முன் அவருக்கு விடுமுறை மீதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலபோக அறுவடை நேரத்தில் சொந்த வயலுக்காக இரண்டு மூன்று நாள் நிற்பவர்கள் எங்கள் இடங்களில் பலர். அவர்களுக்கு விடுமுறை மீதி இருந்தும் சம்பளம் வெட்டப்பட்ட பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யப்பட்டதல்ல, விடுமுறைப் பதிவேடே இல்லாததால் நேர்ந்தது.

எதன் மீது எட்டு, எதன் மீது பன்னிரண்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் இரண்டு தடவை படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பாத்தியத்திலிருந்து குறைந்தது 8 சதவீதம் பிடிக்க வேண்டும், தொழில்தருநர் தன் பங்காகக் குறைந்தது 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் கட்ட வேண்டும், அதில் ஒரு சதத்தையும் ஊழியரிடம் பிடிக்கக்கூடாது. வீதங்களை யாரும் மறப்பதில்லை. எந்தத் தொகையின் மீது அந்த வீதம் என்பதில்தான் பிழை நடக்கிறது.

அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு என்று நினைப்பது பரவலான தவறு. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவு, சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு, தொழில்தருநர் கொடுக்கும் சமைத்த அல்லது சமைக்காத உணவின் பெறுமதி, விற்பனைத் தரகு, துண்டு வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் கொடுக்கும் கூலி ஆகியவை எல்லாம் சம்பாத்தியத்துக்குள் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவும், வருட முடிவில் கொடுக்கும் போனசும், ஊழியர் வேலைக்காகத் தன் கையால் செலவழித்ததை மீளக் கொடுப்பதும் அடங்கா. சம்பளத்தைப் பத்துக் கொடுப்பனவுகளாகப் பிரித்து அடிப்படையைச் சிறிதாக்கினால் சேமலாப நிதி குறையும் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அந்தக் கொடுப்பனவுகளில் எத்தனை சட்டத்தின் சம்பாத்தியத்துக்குள்ளேயே வருகின்றன என்பதை எழுதிக் காட்டுவது கணக்கு எழுதுகிறவரின் கடமை.

நாட்கூலிக்காரர், மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர், பயிற்சிக்காலத்தில் இருப்பவர் ஆகியோருக்கும் முதல் நாளிலிருந்து உரித்து உண்டு. நிரந்தரமாக்கிய பின் கட்டுவோம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கத் தவறிய 8 சதவீதத்தைப் பிறகு ஊழியரிடம் கேட்கவும் முடியாது, அது தொழில்தருநரின் தலையில்தான் விழும். இதை முதலாளிக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் புதியவர்களைப் பதிவு செய்வதில் தாமதம் வராது.

இன்னொரு சிக்கல் எங்கள் பேச்சு வழக்கிலிருந்தே வருகிறது. ஆளைப் பேசி எடுக்கும்போது "கைக்கு 46,000 தருவேன், தம்பி" என்று சொல்லித்தான் எடுப்பார்கள். கைக்கு என்றால் 8 சதவீதம் கழிந்த பின் மிஞ்சும் தொகை. அதை அப்படியே சம்பளமாக எழுதினால் மாத முடிவில் ஊழியர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். 46,000ஐ 0.92ஆல் வகுத்தால் 50,000 வரும். அதுதான் கடிதத்தில் எழுத வேண்டிய சம்பளம். அதன் மேல் 15 சதவீதம் சேர்த்தால் தொழில்தருநருக்கு மாதம் 57,500 ரூபா செலவு. இந்த இரண்டு எண்ணையும் ஆளை எடுக்கும் முன்பே முதலாளியிடம் காட்டிவிடுங்கள்.

ஒருவருடைய ஒரு மாதம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு ஹாட்வெயார் கடையின் விற்பனையாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபா, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 6,000 ரூபா, ஆக 48,000. விடுமுறை மீதி முடிந்த பின் ஒரு நாள் வரவில்லை, இருபது மணித்தியாலம் மேலதிக நேரம் செய்திருக்கிறார், மாத நடுவில் 5,000 ரூபா முற்பணம் வாங்கியிருக்கிறார்.

வராத ஒரு நாளுக்கு 48,000ஐ 30ஆல் வகுத்து 1,600 ரூபாவைக் குறைத்தால் 46,400 வரும். சேமலாப நிதிக்கான சம்பாத்தியம் இதுதான். மேலதிக நேரத்துக்கு, 48,000ஐ 240ஆல் வகுத்தால் மணிக்கு 200, ஒன்றரை மடங்கு 300, இருபது மணிக்கு 6,000. மொத்தச் சம்பளம் 52,400. இனிக் கழிப்பனவு: 46,400இன் 8 சதவீதம் 3,712, முற்பணம் 5,000, 25,000 ரூபாவைத் தாண்டும் சம்பளப் பற்றுச்சீட்டுக்கான முத்திரைத் தீர்வை 25. இவை போக அவர் கையில் வாங்குவது 43,663 ரூபா. தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம் 5,568, நம்பிக்கை நிதி 3 சதவீதம் 1,392. ஆக இந்த ஒருவருக்காகக் கடைக்கு அந்த மாதம் ஏற்பட்ட செலவு 59,360 ரூபா. சேமலாப நிதிக்கு அனுப்ப வேண்டியது இரண்டு பங்கும் சேர்ந்து 9,280 ரூபா.

இந்தக் கணக்கை எக்செலில் சூத்திரம் போட்டுப் பார்ப்பதற்கு முன், கோடிட்ட கொப்பி ஒன்றில் ஐந்து பேரைக் கற்பனை செய்து மூன்று மாதங்களுக்குக் கையால் எழுதிப் பாருங்கள். ஒருவர் மாத நடுவில் சேரட்டும், ஒருவர் நாட்கூலிக்காரராக இருக்கட்டும், ஒருவர் போனஸ் வாங்கட்டும். எந்த எண் எந்த நிரலிலிருந்து வருகிறது என்று கை அறிந்த பிறகு சூத்திரம் எழுதினால், சூத்திரம் பிழைக்கும்போது கண்ணுக்குப் படும்.

பேரேட்டில் ஏற்றுதல்

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் பாடத்திட்டத்தில் வரவு என்பது இடப்பக்கம், செலவு என்பது வலப்பக்கம். தமிழ்நாட்டுப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. அதாவது வரவு என்ற ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு இப்புறமும் அப்புறமும் நேரெதிர்ப் பக்கங்களைக் குறிக்கிறது. இணையத்தில் தமிழில் கிடைக்கும் சம்பளக் கணக்குப் பாடங்களில் பெரும்பாலானவை இந்தியாவுக்குரியவை. அவற்றில் வரும் வைப்புநிதி வீதமும் வரிப் பிடித்தமும் எங்களுக்குப் பொருந்தா, பதிவின் பக்கமும் மாறியிருக்கும். கீழே நான் எழுதுவது இலங்கை வழக்கு.

மேலே சொன்ன விற்பனையாளருக்கான பொது நாளேட்டுப் பதிவில் சம்பளக் கணக்குக்கு 52,400 வரவு. செலவுப் பக்கத்தில் செலுத்த வேண்டிய சேமலாப நிதி 3,712, ஊழியர் முற்பணக் கணக்கு 5,000, செலுத்த வேண்டிய முத்திரைத் தீர்வை 25, செலுத்த வேண்டிய சம்பளம் 43,663. கூட்டினால் 52,400க்குச் சரியாக வரும். இரண்டாவது பதிவில் சேமலாப நிதிச் செலவு 5,568உம் நம்பிக்கை நிதிச் செலவு 1,392உம் வரவு, அவற்றுக்கு எதிரே அதே தொகைகள் செலுத்த வேண்டிய கணக்குகளுக்குச் செலவு. சம்பளம் கையில் கொடுக்கப்படும் நாளிலும், நிதிகளுக்கு வங்கியில் கட்டும் நாளிலும் இந்தச் செலுத்த வேண்டிய கணக்குகள் ஒவ்வொன்றாக மூடப்படும். ஊழியரிடமிருந்து பிடித்த 3,712 கடையின் செலவு அல்ல, ஏற்கெனவே 52,400க்குள் இருக்கிறது; அதை மறுபடியும் செலவில் ஏற்றுவதுதான் ஆரம்பத்தில் அதிகம் நடக்கும் பிழை. முற்பணமும் அப்படித்தான்: கொடுத்த நாளில் அது சொத்து, சம்பளத்தில் கழிக்கும் நாளில் அந்தச் சொத்து தீர்கிறது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொடுக்கும் முற்பணங்களை நேரே சம்பளச் செலவில் எழுதிவிட்டு, பிறகு கழிக்க மறந்த இடங்கள் பல உண்டு.

இனி வரி

2019 முடிவு வரை உழைக்கும்போது செலுத்தும் வரி என்று ஒன்று இருந்தது. அதன் இடத்தில் 2020 ஏப்ரலில் வந்த முற்பணத் தனிநபர் வருமான வரி முதலில் ஊழியரின் சம்மதத்தோடு மட்டும் பிடிக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2023இலிருந்து 2025 மார்ச் வரை மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் வரி இருந்தது. 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய மதிப்பாண்டிலிருந்து (வரி கணக்கிடும் ஆண்டு) வருடாந்த விடுவிப்பு, அதாவது வரி இல்லாத தொகை, 1,800,000 ரூபா, அதாவது மாதம் 150,000. ஆகவே எந்த விளக்கத்தைப் படித்தாலும் அது எந்தத் திகதிக்கு உரியது என்று முதலில் பாருங்கள்.

விடுவிப்புக்கு மேல் வருடத்தில் வரும் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 சதவீதம், அடுத்த மூன்று 500,000களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம், மீதிக்கு 36 சதவீதம். மாதக் கணக்கில் பார்த்தால் 150,000க்கு மேல் வரும் முதல் 83,333 ரூபாவுக்கு 6 சதவீதம், அதன் பின் ஒவ்வொரு 41,667 ரூபாவுக்கும் அடுத்த வீதம். 210,000 ரூபா உழைக்கும் ஒரு முகாமையாளருக்கு 60,000இன் 6 சதவீதம், அதாவது 3,600 ரூபா வரி. 250,000 உழைப்பவருக்கு முதல் படியில் 5,000, மிஞ்சிய 16,667இன் 18 சதவீதம் 3,000, ஆக 8,000 ரூபா. இந்தக் கூட்டலைச் சுருக்கித் தரும் அட்டவணைகளை உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வெளியிடுகிறது. ஆனாலும் படிப்படியாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அட்டவணையை எடுப்பதே நல்லது.

சேமலாப நிதிக்கான தளமும் வரிக்கான தளமும் ஒன்றல்ல. மேலதிக நேரமும் போனசும் சேமலாப நிதிக்கு வெளியே நிற்கின்றன, வரிக்கு உள்ளே வருகின்றன. ஊழியரின் 8 சதவீதத்தைக் கழித்துவிட்டு வரி பார்க்கக்கூடாது, மொத்தத்தின் மீதே பார்க்க வேண்டும். தொழில்தருநர் கட்டும் 12 சதவீதம் ஊழியரின் வருமானத்தில் சேராது. போனஸ் போன்ற மொத்தத் தொகைகளுக்குத் தனி அட்டவணை உண்டு என்பதால், அவற்றை அந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து மாத அட்டவணையில் போட்டால் வரி அதிகமாக வந்துவிடும். ஒருவர் இரண்டு இடங்களில் வேலை செய்தால் விடுவிப்பு ஒரு இடத்தில்தான் கிடைக்கும். எது முதன்மை வேலை என்று அவரிடம் எழுத்தில் வாங்கிக் கோவையில் வைக்க வேண்டும். மதிப்பாண்டு மார்ச் 31இல் முடிந்ததும், பிடித்த வரியைக் காட்டும் ரி-10 சான்றிதழை ஏப்ரல் 30க்குள் ஊழியருக்குக் கொடுக்க வேண்டும், தொழில்தருநரின் வருடாந்தக் கூற்றும் அதே நாளுக்குள் போக வேண்டும்.

மாதத்தின் மூன்று திகதிகள்

மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிடித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். சேமலாப நிதிக்கு சி படிவத்தில் ஒவ்வொருவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் இலக்கம், சம்பாத்தியம், இரண்டு பங்குகள் ஆகியவை இருக்கும், பணம் மத்திய வங்கிக்குப் போகும். தாமதித்தால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம் வரை ஏறும். நெல் விற்று முடிந்ததும் ஒரேயடியாகக் கட்டுவோம் என்று சிறுபோகம் முடியும்வரை நான்கு மாதத்தைச் சேர்த்து வைத்த ஆலைக்காரர் ஒருவர் கட்டிய மிகைக்கட்டணம், அவர் வங்கியில் கடன் எடுத்திருந்தால் கட்டியிருக்கும் வட்டியை விடப் பல மடங்கு அதிகம். கடைசி வேலை நாள் என்பது போயா (பௌர்ணமி விடுமுறை), வார இறுதி ஆகியவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும் என்பதால், நான் என் நாட்காட்டியில் 20ஆம் திகதியைத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

கட்டிய பற்றுச்சீட்டைச் சி படிவத்தின் பிரதியோடு இணைத்து மாத வரிசையில் கோவைப்படுத்துங்கள். அதன் பின் பட்டியலின் 20 சதவீத நிரல், சி படிவத்தின் மொத்தம், பேரேட்டின் செலுத்த வேண்டிய கணக்கு ஆகிய மூன்றும் ஒரே தொகையைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒரு ரூபா வித்தியாசம் இருந்தாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த ஒரு ரூபாவுக்குப் பின்னால் பெரும்பாலும் விடுபட்ட ஓர் ஆள் இருப்பதில்லை, ஆனால் இருந்த இரண்டு தடவையை நான் கண்டிருக்கிறேன்.

ஒருவர் விலகும்போது

கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில், ஐந்து வருடத்தைப் பூர்த்தி செய்து விலகும் ஊழியருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின் அரை மாதத் தொகை, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாட் கூலி. மேலே கண்ட விற்பனையாளர் அதே 48,000 ரூபாச் சம்பளத்தில், அப்படிப் பதினைந்து பேருக்கு மேல் உள்ள இடத்தில், ஏழு வருடம் எட்டு மாதம் வேலை செய்து விலகினால், 24,000ஐ ஏழால் பெருக்கி 168,000 ரூபா. விலகி முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த நாளில் பெட்டியில் பணம் இல்லாமல் முழிப்பதைத் தவிர்க்க, ஒவ்வொரு வருட முடிவிலும் எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு, பின்னால் கொடுக்க வேண்டியதற்கான ஏற்பாடாகப் பேரேட்டில் வைக்க வேண்டும்.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம் என்பதால், முப்பது வயதில் விலகிப் போகிறவர் அந்தக் கணக்கை மறுபடி தொடுவதற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகலாம். அதுவரைக்கும் கடை இருக்குமா, கோவை இருக்குமா என்று எங்கள் மண்ணில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே விலகும் நாளில், தொழில்தருநர் இலக்கம், அங்கத்தவர் இலக்கம், அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசி மாதச் சம்பாத்தியம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, முத்திரையும் கையொப்பமும் இட்டு, இரண்டு பிரதியாக அவர் கையில் கொடுங்கள். ஒன்றை வீட்டில் வைக்கவும், மற்றதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு அனுப்பவும் சொல்லுங்கள்.